இரண்டு வருடமாக உயராத வண்டி

காலை ஆறரை மணிக்குப் பட்டறை வாசலில் பிக்கப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால், தம்பி உள்ளே வேலையாக இருக்கிறான் என்று அர்த்தம். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் அளவு டேப். வண்டியின் அடிவயிற்றை விரலால் தடவிக்கொண்டே போவான். நேற்று இல்லாத சிராய்ப்பு ஏதாவது தட்டுப்பட்டால் அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதுவான். “அக்கா, புதுசா ஒண்ணு,” என்று அடியிலிருந்து குரல் வரும். “எத்தனை அங்குலம்டா?” என்று பட்டறைக்குள்ளிருந்து அக்கா கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவன் வெளியே வரமாட்டான், பானட்டின் மேல் வைத்த டீ ஆறிப்போகும்.

தம்பிக்கு வயது ஐம்பத்து நான்கு. முன்மண்டையில் முடி போய்ப் பத்து வருடமாகிறது. இருந்தாலும் அறுபத்தொரு வயது அக்காவின் கண்ணுக்கு அவன் ‘அவர்’ ஆகவில்லை, இன்னும் ‘அவன்’தான். நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம். ஊரில் அவனுக்கு அங்குலம் என்று பெயர். முடிவெட்டுகிறவரிடம், “பின்னாடி அரை அங்குலம் விட்ருங்க,” என்பான். தூக்கம் வராத நாளில் தலையணை ஒரு அங்குலம் உயரம் என்பான். ஒருமுறை வீட்டு மாடிப்படியில் தடுக்கி விழுந்தவன், வலிக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் படியை அளந்தான். அந்த ஒரு படி மட்டும் முக்கால் அங்குலம் கூடுதல். வீட்டைக் கட்டிய கொத்தனாருக்கு அன்று மாலையே போன் போயிற்று.

அக்காவும் தம்பியும் சேர்ந்து செய்வது ஆழ்துளைக் கிணற்று மோட்டார் வேலை. மோட்டாரை மேலே இழுப்பதும் இறக்குவதும் அவன் பாடு, மோட்டாருக்குள் செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது அக்கா பாடு. கருகிய காயிலை மூக்கருகில் கொண்டுபோனாலே போதும், கரன்ட் குறைந்து எரிந்ததா, தண்ணீர் புகுந்து எரிந்ததா என்று சொல்லிவிடுவார். ஆனால் அக்காவின் அசல் கைவரிசை தோட்டத்தில்தான். கிணற்றுக் குழாயின்மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, அதன் பிடியில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். “பேரிங் போச்சு. இழு,” என்பார். அல்லது, “மோட்டார் நல்லாத்தான் இருக்கு, மேல ஸ்விட்ச்சைப் பாரு,” என்பார். இருநூறு அடிக் குழாயை வீணாக இழுக்கிற வேலை அந்தக் காதினால் எத்தனையோ முறை மிச்சமாகியிருக்கிறது. அதனால் வண்டி எங்கே போனாலும் பக்கத்து சீட்டில் அக்கா இருப்பார்.

வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் குன்றுச் சரிவில் இருக்கிறார்கள். அங்கே போவதைப் பாதை என்று சொல்வது மரியாதைக்குத்தான். நடுநடுவே கல் முட்டிக்கொண்டு நிற்கும், வண்டி ஏறி இறங்கும்போது அடியில் ‘கர்ர்’ என்று இழுக்கும். அந்தச் சத்தத்துக்குத் தம்பி தன் வயிற்றைப் பிடித்துக்கொள்வான். வண்டியை மூன்று அங்குலம் உயர்த்திவிட்டால் தீர்ந்தது. உயர்த்துவதற்கு இரண்டு வழி இருந்து தொலைத்ததுதான் அவனுடைய கெட்ட நேரம்.

ஒன்று பாடி லிஃப்ட். அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கும் நடுவில் கட்டைகளைக் கொடுத்து, உடம்பை மட்டும் தூக்குவது. சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் சக்கரத்துக்கு மேலே இடம் கிடைப்பதால் பெரிய டயர் மாட்டிக்கொள்ளலாம், அதில் சட்டமும் கொஞ்சம் உயரும். மற்றது சஸ்பென்ஷன் லிஃப்ட். ஸ்பிரிங்கையே மாற்றிச் சட்டத்தோடு சேர்த்து மொத்தத்தையும் எழுப்புவது. “பாடிங்கறது ஸ்டூல் மேல ஏறி நிக்கிறது. சஸ்பென்ஷன்ங்கறது நெஜமாவே வளர்றது,” என்று தம்பி விளக்குவான். இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு முடிவு மட்டும் எடுக்கத் தெரியவில்லை.

கேட்காத ஆள் இல்லை. மின்வாரியத்துக்காரர், பள்ளிக்கூட வேன் டிரைவர், தண்ணீர் வரவில்லை என்று அழுதுகொண்டு வந்த தோட்டக்காரர், எல்லோரிடமும் முதல் கேள்வி அதுதான். பல் பிடுங்கப் போன இடத்தில் வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் பேச முடியவில்லை. டாக்டருக்கு நேராக ஒரு விரலைக் காட்டினான், பிறகு இரண்டு விரலைக் காட்டினான். நர்ஸ் மொழிபெயர்த்தாள், அவளிடம் வரவேற்பறையிலேயே கேட்டு முடித்திருந்தான். சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியறியாத அந்த மனிதர், அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டுமே என்று இரண்டு விரலைக் காட்டினார். அது சஸ்பென்ஷன் கணக்கில் சேர்ந்தது.

கணக்கு பட்டறைச் சுவரில் இருக்கிறது. இரண்டு கட்டம், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடு. இன்றைய நிலவரம் அறுபத்து மூன்றுக்கு அறுபத்து மூன்று. இரண்டு வருடத்தில் ஒரு நாளும் ஒரு பக்கம் இரண்டு கோட்டுக்கு மேல் முந்தியதில்லை. “பாத்தியாக்கா, ஜனங்க சரிபாதியா நிக்கிறாங்க. இதுல நான் மட்டும் எப்படி முடிவு பண்றது?” என்று அவன் வியந்துபோவான். அவன் கிரீஸ் போகக் கை கழுவ இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தில் எந்தப் பக்கம் பின்தங்கியிருக்கிறதோ அந்தப் பக்கத்தில் அக்கா ஒரு கோடு போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவராகக் காயில் கட்ட உட்கார்ந்துவிடுவார்.

கோடு போதாத நாளில் ஒரு கேள்வியும் போடுவார். பாடி லிஃப்ட்டுக்கு நாள் குறித்துவிட்டு வந்து நின்றான் ஒருமுறை. “போடேன். ஆனா சட்டம் அங்கயேதானே இருக்கும்? கல்லு அதுலதானே இடிக்குது?” என்றார். நான்கு மாதம் கழிந்தது. பிறகு சஸ்பென்ஷன்தான் என்று அடித்துச் சொன்னான். “நல்லதுதான். பின்னாடி மோட்டாரும் குழாயும் ஏத்திக்கிட்டு வளைவுல திரும்புறப்ப சாயாதா?” என்றார். ஐந்து மாதம். இரண்டு கேள்வியும் நியாயமான கேள்வி என்பதால் அக்காவின் மனசாட்சி அவ்வளவாக உறுத்தவில்லை.

காரணம் வேறொன்றும் இல்லை. அக்காவின் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இப்போது இருக்கிற உயரத்துக்கே கைப்பிடியைப் பற்றி, இடது காலை வைத்து, மனசுக்குள் மூன்று எண்ணி, தம் பிடித்துத்தான் ஏறுகிறார். தம்பி அதைப் பார்த்ததே இல்லை. புறப்படும் முன் நாலு டயரையும் சுற்றிவந்து தட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். அவன் தட்டி முடித்து வருவதற்குள் அக்கா சீட்டில் உட்கார்ந்து மூச்சை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருப்பார். எந்த லிஃப்ட் போட்டாலும் சீட்டு மூன்று அங்குலம் மேலே போகும். அதன் பிறகு அக்காவுக்குப் பட்டறைதான். பட்டறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அது எதிர்ச்சுவரைப் பார்த்து இருக்கிறது. வண்டியில் போகும்போது முகத்தில் அடிக்கிற காற்றும், தோட்டத்தில் தண்ணீர் மறுபடி பீய்ச்சிக்கொண்டு வரும்போது எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லாமல் மிச்ச நாளை ஓட்ட வேண்டும் என்று நினைத்தாலே அக்காவுக்குப் பயமாக இருந்தது. ‘எனக்கு ஏற முடியாதுடா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த ஒரு வார்த்தைதான் அக்காவின் வாயில் வராது.

போன வாரம் எல்லாம் கைமீறிப் போயிற்று. சரிவில் ஒரு கல் ஆயில் தொட்டியையே கிழித்துவிட்டது. வண்டி நடுவழியில் கறுப்பாக ஒழுகிக்கொண்டு நின்றது. காத்திருந்த தோட்டக்காரர் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்த ஆள் உயரமான வண்டியில் இவர்களைத் தாண்டிப் போகும்போது ஹாரன் வேறு அடித்தான். தம்பி அன்று சாப்பிடவில்லை. “சுவத்தைப் பாத்தது போதும்க்கா. நாளைக்கு கராஜுக்குப் போறோம்,” என்றான். அக்காவிடம் அப்போது கேள்வி எதுவும் மிச்சமில்லை.

கராஜில் இவர்களுடையதைப் போலவே ஒரு பிக்கப், சஸ்பென்ஷன் போட்டு மூன்று அங்குலம் எழும்பி நின்றது. “ஏறி உக்காந்து பாருங்கண்ணே, அப்பத்தான் தெரியும்,” என்றார் கராஜ்காரர். தம்பி ஒரே தாவில் ஏறினான். ஸ்டியரிங்கைப் பிடித்தான், கண்ணாடியைத் திருப்பினான், முகமெல்லாம் பல்லாக இருந்தது.

“அக்கா, இங்கேர்ந்து பாத்தா மதிலுக்கு அந்தப்பக்கம் தெரியுது. ஏறு ஏறு.”

அக்கா இந்தப் பக்கக் கதவைத் திறந்தார். சீட்டின் விளிம்பு நெஞ்சுக்கு வந்தது. கைப்பிடி விரல் நுனிக்கும் மேலே இருந்தது.

“இருக்கட்டும்டா. வெயில்ல சீட்டு சுடும்.”

“ஷெட்டுக்குள்ள ஏதுக்கா வெயில்?”

அவன் திரும்பிப் பார்த்தான். அங்கிருந்து அவனுக்குத் தெரிந்தது சீட்டுக்கு மேல் அக்காவின் தலையும் தோளும் மட்டும்தான். சிரிப்பு அப்படியே நின்றது. இறங்கிச் சுற்றி வந்தான். பழக்க தோஷத்தில் டேப்பை எடுத்தவன், எதையும் அளக்காமல் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான்.

“நம்ம வண்டியில எப்படி ஏறுற?”

“எப்படியோ ஏறுறேன்.”

“எப்படின்னு கேக்குறேன்ல.”

“கம்பியப் புடிச்சுக்கிட்டு மூணு எண்ணி ஏறுறேன்.”

“எத்தனை நாளா?”

“உனக்கு முடி இருந்த காலத்துலேர்ந்து.”

கராஜ்காரர் குறுக்கே வந்தார். “ஃபுட்போர்டு ஒண்ணு தொங்கவிட்டா ஆச்சு.”

“அதுதான் கல்லுல மொதல்ல இடிபடும்,” என்றார் அக்கா. தனக்கு நஷ்டமானாலும் தப்பான யோசனையைச் சும்மா விட அவருக்கு வராது.

“அப்ப அக்கா எதுக்கு அலையணும்? பட்டறையில ஃபேன் போட்டு உக்காரட்டும். நீங்க தோட்டத்துலேர்ந்து போன்ல மோட்டார் சத்தத்தைப் போட்டுக் காட்டுங்க, கேட்டுச் சொல்லட்டும்.”

நல்ல மனிதர்தான், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். இரண்டு வருடமாக அக்கா கோடு போட்டுக் கோடு போட்டுத் தள்ளிவைத்ததை அவர் இப்படி ஒரே மூச்சில் எடுத்து முன்னால் வைத்துவிட்டார். அக்கா கதவைப் பிடித்த கையை எடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த யோசனையும் தம்பிக்குப் பிடித்துப்போனால் என்ன செய்வது? அவனைத் தெரிந்தவர்கள் யாரும் அடுத்த நான்கு மாதத்துக்கு அவனிடமிருந்து பதிலை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

“போன்ல கேக்காது,” என்றான் தம்பி. “சஸ்பென்ஷனே போட்ரு. மூணு வேணாம், ரெண்டு.”

“ரெண்டுன்னா ஒண்ணு ரெண்டு கல்லு உரசுமேண்ணே.”

“மிச்சம் ஒரு அங்குலத்துக்கு நான் பாத்து ஓட்டிக்கிறேன்.”

ஒரு அங்குலத்தை அவன் விட்டுக்கொடுத்துப் பார்த்தவர் ஊரில் எவரும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அக்காவின் வாயில் வராத வார்த்தையும் வந்துவிட்டது.

“ரெண்டு அங்குலமும் எனக்கு எட்டாதுடா தம்பி.”

தம்பி அந்த உயர்ந்த வண்டியின் திறந்த கதவுக்கு அடியில் குந்தினான். இரண்டு கையின் விரல்களையும் கோத்து, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டான்.

“டேய், எந்திரி. ஆளுங்க பாக்குறாங்க.”

“பாக்கட்டும்.”

ஸ்பானரும் கையுமாக இருந்த மூன்று பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அக்கா அவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மற்றக் கையைத் தம்பியின் வழுக்கைத் தலையில் ஊன்றி, வலது காலை அவன் உள்ளங்கையில் வைத்தார்.