ஜன்னலுக்கு மேல் ஒரு கவர்

எங்கள் வீட்டுக்காரருக்கு நோட்டைக் கையால் தொட்டால் ஆகாது. சம்பள நோட்டைச் சொல்லவில்லை, அதை நன்றாகவே தொடுவார். நான் சொல்வது அவர் சேர்த்து வைத்திருக்கும் வெளிநாட்டு பிளாஸ்டிக் நோட்டுகளை. வேர்வை படுமாம், விரல் ரேகை விழுமாம். இடுக்கியால் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஆல்பத்தில் செருகினால் அதோடு சரி. பெற்ற பிள்ளைகளைக்கூட இந்த மனுஷன் இவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை.

வேலை கண்ணாடிக் கடையில். பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துவார். நோட்டு சேர்க்கிறவர்கள் சங்கத்தில் அவருக்கு 'ஜன்னல்' என்று பட்டப்பெயர். பிளாஸ்டிக் நோட்டில் ஓர் இடத்தை அச்சடிக்காமல் கண்ணாடி மாதிரி விட்டிருப்பார்கள், அதற்கு ஜன்னல் என்று பெயர். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்த மாட்டார்.

ஏதோ ஒரு தீவு நாட்டு நோட்டு எங்கள் நிம்மதியைக் கெடுத்தது. படம் ஒன்று, நிறம் ஒன்று, வருஷம் ஒன்று, கையெழுத்தும் ஒன்றே. ஆனால் இரண்டு வகையாம். அச்சடித்த பிளாஸ்டிக் தாள் வேறு வேறு ஆலையில் செய்ததாம். ஒன்று தெருவுக்குத் தெரு கிடைக்கும், இன்னொன்று தேடினாலும் கிடைக்காது. கேட்லாக்கில் இரண்டுக்கும் தனித்தனி எண். இவரிடம் இரண்டு நோட்டு இருந்தன. எது எந்த வகை என்றுதான் தெரியவில்லை.

"ரெண்டுக்கும் என்னதாங்க வித்தியாசம்?"

"தெரிஞ்சா நான் ஏன் இப்படி மண்டையை உடைச்சுக்கிறேன்?"

வெயிலில் வைத்துப் பார்த்தார், பூதக்கண்ணாடியில் பார்த்தார், காதருகே வளைத்துச் சத்தம் கேட்டார். எல்லாம் கவரோடுதான். சோறு ஆறிப்போகும், கூப்பிட்டால் எரிந்து விழுவார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கம்ப்யூட்டர் திரையை வெள்ளையாக வைத்து, என் போலராய்டு கூலிங் கிளாஸைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, திரை கறுப்பாகத் தெரியும்வரை தலையைச் சாய்ப்பார். நடுவில் நோட்டின் ஜன்னலைப் பிடிப்பார். சாதாரணத் தாள் என்றால் ஜன்னலில் வானவில் மாதிரி நிறம் தெரியும். அரிய தாள் என்றால் கறுப்பாகவே இருக்கும். அவருடைய இரண்டிலும் வானவில்தான். அன்று துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது எங்கள் வீடு.

அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்தார். இவருடைய சிநேகிதர், ஞாயிற்றுக்கிழமை காபி எங்கள் வீட்டில்தான். இவர் புலம்பியதைக் கேட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்த டைரியைப் பிரித்து அதே நோட்டு ஒன்றை எடுத்தார். மகன் அந்த நாட்டுக்கு வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் அனுப்பியது. கவரும் இல்லை, ஒன்றும் இல்லை. இவர் இடுக்கியால் வாங்கித் திரைமுன் பிடித்தார். ஜன்னல் கன்னங்கரேல் என்று இருந்தது.

அவ்வளவுதான், அன்றிலிருந்து நச்சரிப்பு.

"பையன் நெனைப்பா வெச்சிருக்கேன் சார்" என்றார் தபால்காரர்.

"படம் ஒண்ணு, நிறம் ஒண்ணு. உங்களுக்கு நெனைப்புதானே வேணும்? என்னோடதுல ஒண்ணை வெச்சுக்கோங்க. என்ன கெட்டுப்போச்சு?"

வாரா வாரம் இதே பாட்டு. எறும்பு ஊரக் கல்லும் தேயும், மனுஷன் தேய மாட்டாரா? ஒருநாள் தபால்காரர் நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, இவர் நீட்டியதைப் பார்க்காமலேயே டைரியில் செருகிக்கொண்டு எழுந்தார். காபியைத் தொடவில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவே இல்லை. "வருவாரு, வருவாரு" என்றார் இவர், அந்த நோட்டையும் கவரில் போட்டபடி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

சங்கத்தின் கண்காட்சி வந்தது, நூலகக் கூடத்தில். வழக்கமாக இவர் மேஜை கழிப்பறை ஓரம்தான் கிடக்கும். இந்தத் தடவை நடுமேஜை கொடுத்திருந்தார்கள். 'ஒரே நோட்டு, இரண்டு தாள்' என்று அட்டை எழுதி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கிளம்பும் முன் கடைசியாக ஒருமுறை திரைமுன் பிடித்துப் பார்த்தார்.

"ஐயோ!"

அடுப்படியிலிருந்து ஓடினேன். தபால்காரரிடம் வாங்கிய நோட்டின் ஜன்னலில் வானவில்.

"மாத்திட்டான்! அன்னைக்குக் காட்டினது ஒண்ணு, கொடுத்தது ஒண்ணு. கண்காட்சிக்கு வரட்டும், கூட்டத்துல வெச்சே கேக்கறேன், விட மாட்டேன்!"

"வாயை அடக்குங்க. அண்ணன் அப்படிப்பட்டவரா?"

"உனக்கு என்னடி தெரியும்?"

அதுதான் எனக்குச் சுருக்கென்றது. எனக்கு என்ன தெரியும் என்று நானும் பார்த்துவிடுகிறேன் என்று கூலிங் கிளாஸை அவர் மூக்கிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டேன். மேஜையில் நோட்டு எதுவும் போடாத புதுக் கவர்கள் கிடந்தன. ஜன்னலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஒன்றை எடுத்துப் பிடித்தேன். அதே சிவப்பு, அதே பச்சை.

"ஏங்க, இது வெறும் கவருங்க. இதுல எப்படி கலர் வருது?"

கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தார். கடையில் தினமும் செய்கிற வேலை அது. லென்ஸ் பிரேமில் இறுகியிருந்தால் இதே மாதிரி நிறம் தெரியும், பார்த்துத் தளர்த்துவார். பிளாஸ்டிக் கவரும் அப்படிக் காட்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். கவரைக் கழற்றத்தான் மனம் வரவில்லை.

இடுக்கியை எடுத்தார். தபால்காரருடைய நோட்டைக் கவரிலிருந்து எடுத்தார். ஜன்னல் கறுப்பு. மிச்சமிருந்த தன்னுடைய நோட்டையும் எடுத்தார். அதுவும் கறுப்பு.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தார் என்பார்களே, இவர் அடுத்தவர் நெய்யை அல்லவா பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்! அரிய நோட்டு முதலிலிருந்தே வீட்டில் இருந்திருக்கிறது. தபால்காரருக்குக் கொடுத்தது சாதாரணமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"இப்ப ஜோடிக்கு அந்தச் சாதாரணம்தான் வேணும்" என்று முனகினார்.

"ஜோடியா? மொதல்ல அந்த அண்ணன் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுங்க. இல்லேன்னா நான் கூடத்துக்கே வர மாட்டேன்." கத்தியே விட்டேன்.

கூடத்தில் தபால்காரர் வாசல் ஓரம் தனியாக நின்றிருந்தார். இவர் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சந்தேகப்பட்டதைக்கூட. சொல்லிவிட்டு, கவரில் திரும்பப் போட்டு வைத்திருந்த நோட்டை நீட்டினார்.

"இது உங்களோடது. நான் கொடுத்தேனே, அந்தச் சாதாரணம்... அதைத் திருப்பிக் கொடுத்தீங்கன்னா..."

"அதுவா? மருமகன் அந்த நாட்டுக்குப் போனாரு. டீ குடிச்சுக்கோங்கன்னு கொடுத்துட்டேன்" என்றார் தபால்காரர். "அது என் பையன் அனுப்பினது இல்லையே சார். அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

தபால்காரர் கவரைப் பிரித்தார். நோட்டை வெறும் கையால் எடுத்து, கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் தடவினார். "ரேகை..." என்று இவருக்கு வாய்வரை வந்துவிட்டது. நான் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டார்.

தபால்காரர் நோட்டை டைரியில் வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காலிக் கவரை இவர் கையிலேயே கொடுத்தார். "வர்றேன் தங்கச்சி" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நடுமேஜையில் 'ஒரே நோட்டு, இரண்டு தாள்' என்ற அட்டைக்குக் கீழே, ஒரு நோட்டும் அந்தக் காலிக் கவரும் இருந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இன்னொன்று எங்கே என்று கேட்டார்கள்.