காது குத்தில் கேட்ட கேள்வி

அண்ணா, என் மகளை இரண்டாகப் பிய்த்தது நீதான்.

நானும் அவள் அப்பாவும் பிரிவது என்று முடிவான பிறகு ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம். ஐந்து வயதுப் பிள்ளை முன்னால் சண்டை கூடாது. கோபம் வந்தால் மீன் பார்க்கப் போவதாகச் சொல்லி அவளைப் பக்கத்து குவார்ட்டர்ஸ் வீட்டில் விட்டுவிட்டு வண்டியில் ஆவடி ஏரிக்கரைக்குப் போவோம். அங்கே நின்று கத்துவோம். சாயங்கால வெளிச்சத்தில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. கத்தியதெல்லாம் அதற்குள் போய்க் கரைந்துவிடும். திரும்பும்போது அவர் முதுகுக்குப் பின்னால், தூக்கத்தில் மிதப்பது போல வருவேன். "மீனு பாத்தியாம்மா?" என்று ஓடி வருவாள். "பெருசா ஒண்ணு கீதும்மா" என்பார் அவர்.

அவள் காது குத்துக்கும் அப்படித்தான் சேர்ந்து வந்தோம். நசரத்பேட்டை மண்டபத்தில், தாய்மாமன் நீ என்று உன் மடியில் உட்கார வைத்தேன். ஊசி இறங்கியதும் அலறினாள். நாங்கள் இரண்டு பக்கமும் நின்று கையை நீட்டினோம். நீ அவளை விடவில்லை. இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் கேட்டாய்:

"யார்கிட்ட போவே செல்லம்? அம்மாவா, அப்பாவா? ஒருத்தர்தான்!"

அழுகை பாதியில் நின்றது. மேளம் எங்கேயோ தண்ணீருக்கு அடியில் ஒலிப்பது போல இருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் காய, என் கையைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். அசையவே இல்லை.

"மாமன் மடியே சொகமா கீது போல!" என்றது ஒரு குரல். மண்டபமே சிரித்தது.

"வுடு மச்சான், கொயந்த பாவம்" என்றார் அவர்.

"வெளாட்டுக்குக் கேட்டா இன்னா மாமே?" என்று நீயும் சிரித்தாய்.

அன்றிலிருந்து அவள் எதையும் கேட்டு வாங்குவதில்லை. இட்லியா தோசையா என்றால் என் முகத்தையே பார்க்கிறாள். சிவப்பு கவுனா நீலமா என்றால் போய்ப் படுத்துக்கொள்கிறாள். இப்போது தனியாக இருக்கும் அவர் ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிப்போக வந்தால், ஒரு கையில் என் புடவை, மறு கையில் அவர் சட்டை. கண் திறந்தபடியே கனவில் நிற்பவள் மாதிரி நிற்கிறாள். எந்தக் கையை விட்டாலும் அந்தப் பக்கத்து ஆள் போய்விடுவார் என்று நினைக்கிறாள்.

போனில் "சாரிம்மா" என்கிறாய். அது எனக்கு வேண்டாம். அடுத்த மாதம் பாரிவாக்கத்தில் உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். அன்று சிரித்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். நாங்கள் இரண்டு பேரும் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். யாரையும் விட வேண்டியதில்லை என்று அவளிடம் சொல். அந்தக் கேள்வியை எதற்குக் கேட்டாய் என்று அவர்கள் எல்லோர் முன்னாலும் பதில் சொல்.