கடைசிப் பக்கத்தை நான் மாற்றி வாசித்தேன்

நான் பொய் சொன்னேன். ஒரு நாள் அல்ல, நாலு வருஷம். கண் தெரியாத என் கணவருக்குக் காலைப் பேப்பர் வாசித்துக் காட்டும்போது, தோற்ற மேட்சுகளை ஜெயித்த மேட்சுகளாக மாற்றி வாசித்தேன். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டுக்கொண்டு, பெருமாள் விளக்கின் முன்னால் உட்கார்ந்து, வாய் கூசாமல் வாசித்தேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்...

அந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்காதீர்கள். பெயரை எழுதினால் நீங்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டைக்கு நிற்பீர்கள், நான் சொல்ல வந்தது காணாமல் போய்விடும். நாடே கொண்டாடிய பேட்ஸ்மேன், அவ்வளவு போதும். அவர் மேல் ஒரே ஒரு குறைதான் சொல்வார்கள். நூறு அடிப்பார், டீம் ஜெயிக்காது. மேட்ச் வின்னர் இல்லை!

இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் பதினைந்து வருஷம் நடந்தது. ஒரு கட்சி என் கணவர். இன்னொரு கட்சி சேவியர் அண்ணன்.

இருவரும் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக் கடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். இவர் வேட்டி, துண்டு. அவர் பேண்ட் துணி. எட்டு முழத்தைப் பிரித்துக் காட்டிக்கொண்டே இவர் சண்டை போடுவார், துணியைக் கிழித்துக்கொண்டே அவர் பதில் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பாலக்கரை சர்ச்சில் பூசை முடிந்ததும் அண்ணன் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்துவிடுவார். எங்கள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதே சண்டை ஆரம்பித்துவிடும்.

"அவரு ரெக்கார்டுக்கு ஆடுறவருப்பா கோபாலா. ஜெயிக்கிறதுக்கு ஆடுறவன் வேற."

"போடா! பத்து பேர் வந்த வழியே திரும்பிப் போனா அவர் ஒண்டியா என்ன பண்ணுவார்? பேட்டும் பிடிச்சு, பந்தும் போட்டு, அம்பயராவும் அவரே நிக்கணுமா?"

"நின்னாலும் நாட் அவுட்டு குடுத்துக்குவாரு, டீமு தோத்துரும்."

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து என் காப்பியை ஆறவிடுவார்கள்.

பிறகு சர்க்கரை வியாதி இவர் கண்ணைக் கொண்டுபோயிற்று. முதலில் ஒன்று, ஆறு மாதத்தில் இன்னொன்று. அதன் பின்னால் நெஞ்சுவலி, இரண்டு தடவை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், மேட்ச் சத்தமே காதில் விழக்கூடாது என்று. கேபிளை எடுத்துவிட்டேன். ரேடியோவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். இவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"கார்த்தால பேப்பரோட கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிச்சுடு. அதையும் பிடுங்கிண்டா நான் எதுக்கு இருக்கேன்?"

நான் எட்டாவது வரை படித்தவள். கிரிக்கெட்டில் எனக்குத் தெரிந்தது, அது நடக்கும் நாளில் தளிகை தாமதமானால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது மட்டுந்தான். எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்தேன்.

அந்த முதல் நாளைச் சொல்கிறேன். நாலு நாளாக இவர் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பேப்பரைப் பிரித்தேன். அவருடைய ஆட்டக்காரர் நூறு அடித்திருந்தார். சொன்னதும் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பி, "ஜெயிச்சாச்சோ?" என்றார்.

தோற்றிருந்தது. கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மையைச் சொல்லியிருப்பேன் என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என்னைவிட உத்தமர். நான் சொன்னேன், "ஜெயிச்சாச்சுன்னா."

இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்! "அந்தச் சேவியர் வரட்டும் ஞாயித்துக்கிழமை!" என்று கையைத் தட்டினார்.

சேவியர் வந்தார். இவர் வாசலிலேயே மடக்கினார்.

"பாத்தியாடா? நூறு அடிச்சு ஜெயிச்சுக் குடுத்திருக்கார். இப்ப என்ன சொல்றே?"

அண்ணன் வாயைத் திறந்தார். அறைக் கதவோரம் காப்பி டம்ளருடன் நின்ற நான் தலையை அசைத்தேன், கையைக் கூப்பினேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு மெல்ல, "அப்படியா... நான் சரியா பாக்கலப்பா" என்றார்.

கிளம்பும்போது மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார். "என்ன தங்கச்சி இது? பூசை முடிச்சு நேரா வர்றேன். வந்த ஒடனே என்னையும் பொய்யில சேத்துட்டீங்களே."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணா. தலையை ஆட்டினாப் போறும்."

"அவருக்குத்தான் கண்ணு தெரியாதே. தலையாட்டி யாருக்குக் காட்டுறது?"

"அப்போ 'ம்' கொட்டுங்கோ. அது பொய்யாகாது."

சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் சேவியர் அண்ணன் 'ம்' மட்டுந்தான் கொட்டினார். பதினைந்து வருஷம் விட்டுக்கொடுக்காத மனுஷர்!

எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்த ஆட்டக்காரர் பூஜ்யத்தில் அவுட்டானால் பூஜ்யம் என்றே வாசித்தேன். அவர் அடித்தும் டீம் தோற்ற நாட்களில் மட்டுந்தான் மாற்றினேன். ஏகாதசியிலும் மாற்றினேன். மாட்டிக்கொள்ளாமலும் இல்லை. ஒரு நாள் "மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி" என்று வாசித்துவிட்டேன்.

"நம்மவாதானே முதல்ல ஆடினா? முதல்ல ஆடினவா ரன் வித்தியாசத்துலதான் ஜெயிக்க முடியும். விக்கெட் எங்கேர்ந்து வந்தது?"

"அச்சுப் பிழையா இருக்கும்னா."

"இவ்வளவு பெரிய தப்பா? நாளைக்குப் பேப்பர்ல வருத்தம் தெரிவிப்பான் பாரு. மறக்காம வாசி."

மறுநாள், பேப்பரில் வராத ஒரு வருத்தத்தை நானே இயற்றி வாசித்தேன். "வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்" என்றுகூடச் சேர்த்தேன். "ம், இப்படின்னா இருக்கணும் மனுஷா" என்று மெச்சிக்கொண்டார்.

இவருக்கு உள்ளூரத் தெரிந்திருக்கும், எனக்காகத் தெரியாததுபோல் இருந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அதெல்லாம் சினிமாவில். இவர் முழுதாக நம்பினார். தன் பெண்டாட்டிக்குப் பொய் சொல்லும் சாமர்த்தியம் கிடையாது என்று நம்பினார்!

சரி, அந்த ஆட்டக்காரர் மேட்ச் வின்னர்தானா? நாலு வருஷம் அவர் ஆட்டத்தை ஒரு வரி விடாமல் வாசித்தவள் என்பதால் எனக்கும் தீர்ப்புச் சொல்லப் பாத்தியதை உண்டு. அவர் நின்று ஜெயித்ததும் உண்டு, அவர் நின்றும் தோற்றதும் உண்டு. ஒரு பக்கம் ஒருவர் நிற்கிறார். எதிர்ப் பக்கம் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். தோற்றுப் போனால் நின்றவரை ஏசுவீர்கள். போனவர்களை ஏன் ஏசுவதில்லை? நானும் ஒரு வீட்டில் நின்றேன். இவர் கண் போயிற்று, நெஞ்சு போயிற்று, கடைசியில் ஆளே போய்விட்டார். அப்படியானால் நான் தோற்கடித்தேன் என்பீர்களா? சொல்லிப் பாருங்கள் என் எதிரில்!

ஆனால் நான் ஒப்புக்கொள்ள வந்தது இதை மட்டுமல்ல...

இவருக்கு அறுபது நிறைந்தது. வீட்டு மாடியிலேயே பந்தல் போட்டு, எளிமையாகச் செய்தோம். உறவுக்காரர்கள் நாற்பது பேர் இருக்கும். சேவியர் அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, இவருக்குப் பிடித்த மயில்கண் கரை வேட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பந்தியில் இவர் பக்கத்திலேயே அவருக்கு இலை. பாயசம் போடும்போது இவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"எல்லாரும் கேளுங்கோ! பதினஞ்சு வருஷமா இவன் என்னோட மல்லுக்கு நின்னான். இப்ப வாயே திறக்கறதில்லே. டேய் சேவியர், இன்னிக்கு எனக்கு நீ குடுக்கற பரிசு இதுதான். சபையில சொல்லு, அவர் மேட்ச் வின்னர், நான்தான் தப்புன்னு."

"ம்" என்றார் அண்ணன்.

"'ம்'னா போறாது. வாயைத் திறந்து சொல்லு."

பந்தியில் நாலைந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் டிவி பார்க்கிறவர்கள். அண்ணன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மடிசாரோடு, கழுத்தில் அப்போதுதான் ஏறிய இரண்டாவது தாலியின் மஞ்சள் ஈரங்கூடக் காயாமல், நெய்க் கிண்ணத்துடன் நின்றேன்.

"கோபாலா, அது மட்டும் கேக்காதப்பா" என்றார்.

"ஏண்டா? கண்ணு தெரியாதவன்கிட்டக்கூடத் தோக்க மனசு வரலையா உனக்கு? இவ்வளவு பொறாமையா?"

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு வாக்கியம் போதும் சேவியர் அண்ணனுக்கு. "உன் பொண்டாட்டியக் கேளு" என்று சொன்னால் முடிந்தது. அவர் சொல்லவில்லை. எனக்கும் ஒரு வாக்கியம் போதும். நானும் சொல்லவில்லை... அவர் பாயசத்தைத் தொடாமல் இலையை மூடினார். கை கழுவினார். படியிறங்கிப் போனார். நான் அடுத்த இலைக்கு நெய் விட்டேன்.

இவர் அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். அந்த எட்டு மாதமும் மாற்றித்தான் வாசித்தேன். எந்த ஞாயிற்றுக்கிழமையும் படியில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. தை முடிவில் ஒரு காலை, நான் பேப்பரைப் பிரிப்பதற்கு முன்னால் போய்விட்டார். இவரை ஆற்றங்கரைக்கு எடுத்துப் போகும்போது தெருமுனையில் சேவியர் அண்ணன் நின்றதாகச் சொன்னார்கள். மேலே வரவில்லை.

பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டாயா என்கிறீர்கள். கேட்கவில்லை! தினமும் போகிறேன், சேவிக்கிறேன், தீர்த்தம் வாங்குகிறேன், வருகிறேன். வீட்டில் படுத்திருந்தவருக்கு நான் வாசித்ததையெல்லாம், கோயிலில் பள்ளிகொண்டவரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்? தடுத்திருக்கலாமே. அந்தப் பொய்க்காக நான் ஒருநாளும் தலைகுனிய மாட்டேன். மறுபடி அந்த முகம் என் பக்கம் திரும்பினால், மறுபடியும் ஜெயித்தாச்சு என்றுதான் சொல்வேன்.

ஆனால் போன மாதம் சேவியர் அண்ணன் வந்தார்.

கையில் தடி. ஒவ்வொரு படியாக ஏறி வந்து, இவர் படம் இருக்கும் சுவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன். கிரிக்கெட் பேசவில்லை. சர்க்கரை வேண்டாம் என்றார், முழங்கால் வலி என்றார். பிறகுதான் கேட்டார்.

"தங்கச்சி, கடைசில என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

இதற்காகத்தான் ஏறி வந்திருக்கிறார்.

பேப்பரில் வராத வருத்தத்தை இயற்றியவள் நான். ஓடாத ரன்னை ஓடவைத்தவள். "சேவியர் எங்கேன்னு கேட்டுண்டே இருந்தார் அண்ணா" என்று சொல்ல எனக்கு என்ன கஷ்டம்? நாக்கில் தயாராக இருந்தது. அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. அதே மாதிரி...

நான் சொன்னேன், "உங்க பேரைக்கூட எடுக்கலை அண்ணா."

உண்மை அது. நாலு வருஷப் பொய்க்குப் பிறகு நான் சொன்ன சுத்தமான உண்மை!

ஏன் சொன்னேன்? அன்றைக்குப் பந்தியில் எங்களுக்காக ஒரே ஒரு பொய்யை வாய்திறந்து சொல்ல அண்ணனுக்கு மனசு வரவில்லையே என்ற கோபமா? என்னைக் காட்டிக்கொடுக்காத மனிதர் மேலா எனக்குக் கோபம்? இருந்தது. எனக்கே தெரியாமல் இத்தனை நாள் உள்ளே உட்கார்ந்திருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

சேவியர் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். படத்தைப் பார்த்தார்.

"ம்" என்றார்.

தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். படியிறங்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. கூப்பிட்டிருக்கலாம். கடைசிப் படி வரைக்கும் நேரம் இருந்தது. நான் வாசலில் நின்று, தடி சத்தம் தெருவில் மறையும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.