இரண்டாம் முறை படித்த எண்

அலுவலகத்தில் அவளுக்கு ‘எவ்வளவு அக்கா’ என்று பேர். யார் புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தாலும் முதல் கேள்வி, “எவ்வளவு நீளம்? யாரு சொன்னா?” என்பதுதான்.

ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல பொய்க் கம்ப்யூட்டர்களை ஓடவிடுகிறார்கள். அவற்றுக்கு டிஸ்க்கும் பொய், நெட்வொர்க்கும் பொய். அந்தப் பொய்ச் சாமான்களை வேலை வாங்கும் ‘டிரைவர்’ புரோகிராம்கள்தான் பதினாறு வருஷமாக அவள் பிழைப்பு. சாமான் ‘நூறு எழுத்து’ என்று சொல்லிவிட்டு ஆயிரத்தைக் கொட்டினால், மிச்சம் பக்கத்து நினைவகத்தில் வழிந்து அங்கிருப்பதை அழித்துவிடும். வாய்ச்சொல்லை நம்பாதே, அளந்து பார் என்பதே அவளுக்கு வேதம். தையல்காரரிடமும் இதே பாட்டுதான் என்று கணவர் நொந்துகொள்வார்.

ஒருநாள் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் பட்டப்பகலில் படுத்துவிட்டன. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் மதியம்வரை எந்த நோயாளிக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு கிடைக்கவில்லை. கோளாறு ஒரு டிரைவரில் என்று தெரிந்தது. அதில் கடைசியாகக் கைவைத்தவர் எதிர் மேஜை மீசைக்காரர், ஐம்பது வயதுக்காரர். பழி அவர் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை சீட்டுக் கிழிந்துவிடும் என்று பேச்சு.

“நான் திருத்தினது புரோகிராமுக்கு மேல இருந்த விளக்கக் குறிப்பை மட்டுந்தாம்மா,” என்றார். “சொன்னா யாரு நம்புறா?”

வியாழக்கிழமை அவள் அந்த டிரைவரை முதலிலிருந்து படித்தாள். அளவுச் சோதனை இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் அவளே எழுதியது. அதனாலேயே எல்லோரும் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தார்கள். அவளும் மூன்று முறை தாண்டினாள். நான்காம் முறை அங்கே நின்று படித்தாள். சாமானும் டிரைவரும் தொடக்கூடிய பொது இடத்தில் அளவைப் படித்துச் சோதித்திருக்கிறாள். நகலெடுக்கும்போது அங்கேயே மறுபடி படித்திருக்கிறாள். நடுவில் சாமான் அந்த எண்ணை மாற்றிவிட்டால்? அளந்தது ஒன்று, ஊற்றியது வேறொன்று.

சத்தமில்லாமல் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வரவில்லை என்றால் பொய். எதிரே மீசைக்காரர் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். மகளின் போட்டோவைச் செய்தித்தாளில் சுற்றினார். அவள் எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள்.

“தப்பு அவரோடது இல்ல சார். என்னோடது.”

“யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார் மேனேஜர். “உங்க பேரு கெட்டுடும்.”

“அந்தப் பேரை நம்பித்தான் சார் ஏழு வருஷமா யாரும் இந்த வரியப் பாக்கல.”

அவள் வகித்த குழுத் தலைமை அன்றே கைவிட்டுப் போனது, வேலை மிஞ்சியது. திருத்தம் இரண்டே வரி: எண்ணை முதலில் தன் இடத்தில் எடுத்து வைத்துக்கொள், அதையே சோதி, அதையே பயன்படுத்து. இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். எதிர் மேஜைக்குப் போனாள். போட்டோ பழைய இடத்துக்கே வந்திருந்தது.

“நீங்க எழுதினதுல நான் என்னம்மா பாக்கறது?” பழக்க தோஷத்தில் மீசைக்காரரின் கை ஒப்புதல் பொத்தானுக்குப் போய், பாதியில் நின்றது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க. எவ்வளவு நீளம்? யாரு சொன்னா?”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.