பாண் பொதி எறிந்தவனைக் கூடைப்பந்துக்கு எடுத்த கதை

1. ஆள் பார்க்கப் போனது

நான் கூடைப்பந்துப் பயிற்றுநராக இருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் விளையாட்டுக்காரருக்கென்று ஆண்டுக்கு ஒரே ஒரு இடம் ஒதுக்குவார்கள். ஒருமுறை அந்த இடத்துக்கு ஆள் தேடி நெடுந்தீவுக்குப் படகேறினேன். ஆறடி மூன்று அங்குலத்தில் அங்கே ஒரு பொடியன் இருப்பதாகத் தகவல். அவன் போன மாதமே கனடாவுக்குப் போய்விட்டான் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னபோது படகு நடுக்கடலுக்கு வந்திருந்தது. அன்று கடல் சரியான கொந்தளிப்பு. காலையில் சாப்பிட்ட இடியப்பம் முழுவதும் மீனுக்குப் போயிற்று.

துறையை அடைந்தபோதும் தலையை வெளியே நீட்டியபடிதான் இருந்தேன். அந்த நிலையில்தான் என் வாழ்நாளில் கண்ட மிகச் சிறந்த ‘பாஸ்’ எறிதலைப் பார்த்தேன்.

எறிந்தவன் பெயர் ரெஜி. இருபது வயது, படகில் சாமான் ஏற்றி இறக்குபவன். கொந்தளிப்பு நாளில் படகு துறையோடு ஒட்டி நிற்காது. ஆகவே பொதிகளை எறிந்துதான் கொடுப்பார்கள். கரையில் யார் முதலில் கையை உயர்த்திக் குரல் கொடுக்கிறாரோ அவரிடம் பொதி போகும். அது யாருடையது என்பதைப் பிறகு ஆறுதலாகப் பிரித்துக்கொள்வார்கள். பாண் ரொட்டி, வெங்காயம், சைக்கிள் டயர் எல்லாம் சனத்துக்கு மேலால் பறந்தன. ஒன்றும் கடலில் விழவில்லை. பாதிக்கு மேல் பிடித்தவர் ஒரு பெண். இடது கையில் குடை, வலது கையால் பிடித்தார். அவர்தான் ரெஜியின் அம்மா மேரி அக்கா, துறையடியில் கடை வைத்திருப்பவர்.

கடல் எஞ்சின் திருத்தும் இரண்டு வருடப் படிப்பு, பந்து விளையாடினால் இடம் உண்டு என்றேன். ரெஜியின் முகம் மாறிவிட்டது. அதே படிப்புக்கு இரண்டு தடவை விண்ணப்பித்து, பரீட்சைப் புள்ளி போதாமல் இடம் கிடைக்காதவனாம்.

“இவன் பந்தைத் தொட்டதே இல்லை, சேர்,” என்றார் மேரி அக்கா.

“பாணைத் தொட்டிருக்கிறான்தானே, அக்கா.”

மேரி அக்கா குடையை மடக்கினார். “அனுப்புறன். ஆனா இடம் போச்சுதெண்டு இவன் அழுதுகொண்டு வந்தானெண்டால், அடுத்த படகிலை நான் வருவன்.”

2. முதல் ஆட்டம்

சீமெந்துத் தரையிலும் ரெஜி படகில் நிற்பதுபோல் காலை அகட்டித்தான் நின்றான். அது எனக்குப் பிடித்திருந்தது. இடித்தால் விழமாட்டான். கூடையில் பட்டுத் திரும்பும் றீபவுண்ட் பந்தெல்லாம் அவன் கைக்கே வந்தது. பயிற்சியில் ஒரு குறையும் தெரியவில்லை, ஏனென்றால் பயிற்சியில் பந்து கேட்டவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள்.

முதல் ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவன் சும்மா கையைத் தூக்கி, “இஞ்சாலை” என்றான். ரெஜி மிக அழகாக அவனுக்கே எறிந்தான். அவன் பிடித்துவிட்டு நம்ப முடியாமல் நின்றான். பிறகு நம்பினான். இடைவேளைக்குள் எதிரணி முழுவதும் கையைத் தூக்கியபடியே ஓடியது.

ஏனடாப்பா அவனுக்குக் குடுத்தனீ என்று கத்தினேன்.

“அவர்தான் சேர் முதல்லை கையைத் தூக்கினவர்,” என்றான் ரெஜி. அவன் முகத்தில் ஒரு துளி களவும் இல்லை.

அந்த ஆட்டத்தில் தோற்றோம். கல்லூரி அதிபர் சிரிக்காத மனிதர். இன்னும் ஓர் ஆட்டம் பார்ப்பேன், தோற்றால் அந்த இடம் ஓட்டப்பந்தயக்காரப் பொடியன் ஒருவனுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். ரெஜி அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. எனக்கு அவனை நினைக்கப் பாவமாகவும், அடுத்த படகை நினைக்கப் பயமாகவும் இருந்தது.

3. இரண்டாவது ஆட்டம்

பழக்கத்தை ரெஜியிடமிருந்து எடுக்க ஏலாது என்று கண்டுகொண்டு மற்ற நான்கு பேரின் பழக்கத்தை மாற்றினேன். எல்லாருக்கும் முதலில் கத்தப் பழக்கினேன். ஒரு கிழமையில் அவர்கள் சாப்பாட்டு மேசையில் பருப்புக் கேட்பதற்கும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். நூலகத்திலிருந்து முறைப்பாடு வந்தது.

ஆட்டத்தன்று இரண்டு அணியும் போட்டி போட்டுக் கத்தியதில் நடுவரின் விசில் யாருக்கும் கேட்கவில்லை. முடிய ஒரு நிமிடம் இருக்க, நாங்கள் ஒரு புள்ளி பின்னுக்கு. பந்து ரெஜியின் கையில். ஆட்டம் பார்க்கவென்று படகேறி அப்போதுதான் வந்து சேர்ந்த மேரி அக்கா, மகனைக் கண்ட சந்தோசத்தில் கோட்டுக்கு வெளியே நின்று கையை உயர்த்தி, “ரெஜி” என்றார்.

காற்றையும் எஞ்சினையும் தாண்டிக் கேட்டுப் பழகிய குரல். பந்து எல்லோரையும் கடந்து அவரிடம் போயிற்று. குடையை விடாமல் ஒரு கையால் பிடித்து, என்னைப் பார்த்துக் கேட்டார்: “இது எங்கடையோ, சேர்?”

எங்கடை இல்லை, பந்து எதிரணிக்குப் போய்விட்டது. அதிபர் எழுந்து நின்றார். நல்ல காலம், அவர்கள் அவசரப்பட்டு எறிந்து தவறவிட, பந்து எங்களுக்குத் திரும்ப வந்தது. உடனே டைம் அவுட் கேட்டேன். பொடியன்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே மேரி அக்காவிடம் ஓடி, எதிரணியின் கூடைக் கம்பத்துக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன்.

“அங்கை வெயில், சேர்.”

“குடை இருக்குத்தானே, அக்கா. ரெஜியிட்டைப் பந்து போனவுடனை கூப்பிடுங்கோ.”

பந்து ரெஜியிடம் வந்தது. எதிரணியின் ஐந்து பேரும் கையைத் தூக்கினார்கள். மேரி அக்கா ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். ரெஜி திரும்பிப் பார்த்து, அம்மாவின் கையைக் குறிவைத்து எறிந்தான். குறுக்கே நின்றது கூடைப் பலகை. அதில் பட்டு, வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, பந்து வலைக்குள் விழுந்தது. அதோடு நேரமும் முடிய, நாங்கள் வென்றோம்.

எதிரணிப் பயிற்றுநர் நடுவரோடு வாதாடினார். குடை பிடித்த தாய்க்கு எதிராக விதி ஒன்றும் இல்லை என்றார் நடுவர். அதிபர் அன்றைக்குச் சிரித்தார். ரெஜியின் இடம் நிலைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க நான் முயலவும் இல்லை. மேரி அக்காவுக்கு மட்டும் திருப்தியில்லை. ரெஜி எறிந்தது தனக்கு வந்து சேராமல் போனது இதுதான் முதல் தடவை என்று குறைப்பட்டார்.

ஆள் எடுக்கப் போகும் இளம் பயிற்றுநர்களுக்கு நான் சொல்வது இதுதான். எறிகிறவனை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். எதிரே நின்று பிடிப்பவர் யார் என்பதையும் பாருங்கள். ஆட்டத்தன்று அவருக்கும் உட்கார ஒரு கதிரை போடுங்கள், கூடைக்குப் பின்னால்.