வெள்ளையனும் நதிக்கரை நாகரிகங்களும்

டுட்டோரியலில் வரலாறு நடத்துகிறவனுக்கு முதலில் போவது தொண்டை, அடுத்தது தன்மேல் இருக்கிற நம்பிக்கை. சாக்பீஸ் பிடித்த கைகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

எண்பதுகளின் நடுவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சேலத்தில் முதல் பஸ் பிடித்து, ஏற்காட்டில் ஒரு மளிகைக்கடை மாடியில் வகுப்பு எடுத்தேன். எல்லாரும் பத்தாவது தவறிய பெரியவர்கள். அவர்களில் வெள்ளையன் மலைமேல் இருக்கும் கரடியூர்க்காரர். முப்பது வயசு, காபி எஸ்டேட்டில் மேஸ்திரி. அங்கே கணக்கு எழுதும் ரைட்டர் வேலை காலியாக இருந்தது. "இந்தத் தடவை பாஸ் பண்ணினா உனக்கு, இல்லேன்னா சேலத்திலிருந்து ஆள் போட்டுடுவேன்" என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். பாக்கி எல்லாப் பாடமும் வெள்ளையன் தேறிவிட்டார். சமூக அறிவியல் மட்டும் மூன்று முறை காலை வாரியிருந்தது. நதிக்கரை நாகரிகத்தில் ஒரு கேள்வி நிச்சயம் என்று நம்பி, முக்கியச் சொற்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு மலையேறினேன்.

வண்டல் மண்

"வெள்ளம் வடிந்ததும் ஆறு விட்டுப்போகிற வளமான மண்தான் வண்டல். நைல் அதைக் கொண்டுவந்து போட்டதால்தான் எகிப்து செழித்தது. அந்த வெள்ளத்தையே சாமியாகக் கும்பிட்டார்கள்" என்றேன். வெள்ளையன் கையைத் தூக்கினார். "அந்த மண்ணு எங்கிருந்துங்க சார் வருது?"

"மேட்டிலிருந்து, மலையிலிருந்து" என்றேன், வரப்போவது தெரியாமல். அவர் முகம் சுண்டிப்போனது. போன ஐப்பசி மழையில் அவருடைய சாமைக்காட்டு மேல்மண் மொத்தமும் பள்ளத்துக்குப் போயிருந்ததாம்.

"அப்ப மேல இருக்கறவன் மண்ணை அடிச்சுக்கிட்டுப் போயித்தான் கீழ இருக்கறவனுக்கு நாகரிகமுங்களா?"

சிகுராத்

போர்டில் படிப்படியாக ஒரு கோபுரம் வரைந்தேன். சுமேரியர்கள் செங்கல்லை அடுக்கி மலை மாதிரி எழுப்பி, உச்சியில் சாமிக்கு இடம் வைத்தார்கள் என்று விளக்கினேன். எனக்கே பெருமையாக இருந்தது. படம் அவ்வளவு நேராக எனக்கு எப்போதும் வந்ததில்லை.

வெள்ளையன் வெகுநேரம் அதையே பார்த்தார். அந்த ஊரில் நிஜ மலையே கிடையாதா என்று கேட்டார். கிடையாது, எல்லாம் சமவெளி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

"சாமிக்கு ஒரு மலைகூட இல்லாத ஊருங்களா? நொம்பப் பாவமுங்க சார்!"

நதித் தெய்வம்

ஆற்றை நம்பிப் பிழைத்தவர்கள் ஆற்றங்கரையில் ஆற்றையே தெய்வமாக்கினார்கள் என்று ஆரம்பித்தேன். "ஏனுங்க சார், எங்க சேர்வராயன் கோயில் குகையில காவேரியம்மா இருக்கறாளே? ஆறு அடிவாரத்துக்கும் அந்தாண்ட ஓடுது, அம்மா மட்டும் மலை உச்சியில உட்கார்ந்திருக்கறாளுங்களே!" என்றார் வெள்ளையன்.

அந்தக் குகையில் நானே தேங்காய் உடைத்திருக்கிறேன். ஆனால் இதை ஒருநாளும் யோசித்ததில்லை. ஆறு மலையில்தானே பிறக்கிறது என்று சமாளித்தேன். "அப்ப நாங்கதானுங்க முதல்ல" என்றார் அவர். புத்தகத்தைப் புரட்டினேன், அதில் ஒன்றும் இல்லை. லாட்ஜில் சமையல் செய்யும் சரோஜா அக்கா பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், பரீட்சையில நீங்க சொன்னதை எழுதறதா, இவரு சொன்னதை எழுதறதா?"

ஐந்து மார்க்

கேள்வி வந்தேவிட்டது: ஆதி நாகரிகங்கள் ஆற்றங்கரைகளில் தோன்றியது ஏன்? மனிதர் சாமைக்காட்டையும் காவேரியம்மாவையும் எழுதித் தொலைத்திருப்பார், ரைட்டர் வேலையைக் கெடுத்த பாவம் என் தலையில்தான் என்று ரிசல்ட் வரும்வரை சரியாகச் சாப்பிடவில்லை.

பாஸ்! மளிகைக்கடை வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் ரைட்டர் நோட்டைக் கொடுத்துவிட்டாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை, என்னதான் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதை அப்படியே எழுதிட்டேனுங்க சார். பேப்பர் திருத்தறவரு எப்படியும் மலைக்குக் கீழ இருக்கற கீழ்நாட்டுக்காரருதானுங்களே, உண்மையை எழுதி அவரு மனசை எதுக்குங்க நோகடிக்கறது?"

அவர் ரைட்டராகிவிட்டார், நான்தான் இன்னமும் நாகரிகம் மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்று தெரியாமல் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.