மெர்சி டீச்சருக்கு லீவு கிடையாது

அந்தச் சனிக்கிழமை காலை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு மெர்சிக்காகக் காத்திருந்தேன். எப்போதும் எங்களுக்கு முன்னால் வந்து நிற்பவள் அவள்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்துவிட்டது. மெர்சி வரவில்லை; அவள் தம்பி ஸ்கூட்டரில் வந்து இறங்கினான்.

"அக்கா போயிருச்சு டீச்சர். விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..."

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தே அழத் தொடங்கிவிட்டார்கள். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று.

அவளும் நானும் ஒரே பள்ளியில் ஆங்கில ஆசிரியைகள். வெளிநாட்டுப் பள்ளி ஒன்றோடு இமெயிலில் சேர்ந்து நம் பிள்ளைகள் ஒரு புராஜெக்ட் செய்யட்டும் என்று அவள் கிளம்பியபோது, ஆசிரியர் அறையில் சிரிக்காதவர்கள் இல்லை. 'எங்கள் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது' என்பது தலைப்பு. நமக்கு அய்யனார் கோவில் மலைத் தண்ணீர். அவர்களுக்குப் பனிக்காலத்தில் குழாய்க்குள்ளேயே உறைந்துபோகும் தண்ணீர். பள்ளியில் கம்ப்யூட்டர் கிடையாது. சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் பிரவுசிங் சென்டருக்குப் போவோம். லைன் எந்த நேரத்தில் அறுந்துபோகும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொருத்தியும் தன் பத்தியை மனப்பாடமாகச் சொல்ல, மெர்சி மளமளவென்று டைப் அடிப்பாள். பிழையை மட்டும் திருத்தவே மாட்டாள். அதற்காக அவளோடு நான் போட்ட சண்டை கொஞ்சமல்ல.

"சொல்றதுக்கு நெசமா ஒரு விஷயம் இருந்தாப் போதும் செல்வி, இங்கிலீஷ் தானா வரும்" என்பாள். "என்னைக்காவது ஒருநாள் இதுக யாரையும் கேக்காமத் தானா எழுதணும். அத மட்டும் பாத்துட்டேன்னா போதும் எனக்கு."

சோழபுரத்திலிருந்து முத்துமாரி என்று ஒருத்தி வருவாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. தன் ஊர்க் கண்மாயைப் பற்றி முதல் மெயிலில் அழகாகச் சொல்லிவிட்டு, 'ஆகவே எனக்கு இரண்டு நாள் விடுப்பு அளிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்' என்று முடித்தாள். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலக் கடிதம் லீவு லெட்டர்தானே! மெர்சி அதையும் அப்படியே அனுப்பினாள். மறுவாரம் பதில் வந்தது: 'விடுப்பு அளித்துவிட்டோம். கண்மாயில் நன்றாக நீந்திவிட்டு வா.'

"ஏட்டி முத்துமாரி, பாத்தியா! அம்புட்டுத் தூரத்துல இருந்து ஒனக்கு லீவு தந்துட்டாவ!" மெர்சி சிரித்த சிரிப்பில் சென்டர்க்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். முத்துமாரி அன்றுதான் முதல்முறையாக எங்கள் முன்னால் சிரித்தாள்.

அடக்கம் முடிந்த மறு சனிக்கிழமை பிள்ளைகளோடு சென்டருக்குப் போனேன். மெயில் ஒன்று காத்திருந்தது. 'மெர்சி டீச்சர், போன வாரம் ஏன் எழுதவில்லை? உடம்புக்கு ஒன்றுமில்லையே?' என்று கேட்டிருந்தார்கள். வாய்விட்டு அழுதேன். பிறகு முத்துமாரி போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் எதையும் மனப்பாடம் செய்து வந்திருக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவுமில்லை. ஒருத்தி ஒரு வரி சொல்ல, அடுத்தவள் இன்னொரு வரி சொல்ல, முத்துமாரி எழுத்தைத் தேடித் தேடி அடித்தாள்.

எங்கள் டீச்சர் இறந்துவிட்டார். அவர் சத்தமாகச் சிரிப்பார். எங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். இப்படியே போயிற்று அந்த மெயில். கடைசி வரியை முத்துமாரி தானே சேர்த்தாள்: 'எங்கள் டீச்சர் விடுப்புக் கேட்டால், தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.'

வரிக்கு வரி பிழை இருந்தது. நான் ஒன்றையும் தொடவில்லை. "அனுப்பு" என்றேன்.

மெர்சி, நீ பார்க்க ஆசைப்பட்டது நடந்துவிட்டது. பார்க்க நீ இல்லையே என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளைகளின் பிழையைக் கண்டதும் சிவப்புப் பேனாவைத் தேடாத உன் பொறுமையை நான் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டுக்கு இப்போது முதல் ஆளாக வந்து நிற்பது நான்தான்.